புத்தூர்ச் சந்தியும் பழைய வான்களும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பெருவீதியில், கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ ஒன்பது கட்டை சென்றால் புத்தூரை அடையலாம். வீதியின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வாழையும் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் பருவத்துக்கேற்ப மாறி மாறி விளையும் நிலம் அது. ஊரிலிருந்து மேற்கே புறப்படும் வீதி நிலாவரைப் பக்கமாகச் சென்று சுன்னாகத்தை நோக்கும். கிழக்கே புறப்படும் வீதி வாதரவத்தையைக் கடந்து, கடனீரேரியைத் தாண்டி, தென்மராட்சியின் மீசாலையிற் சேரும். வடக்கே ஆவரங்காலும் அதற்கப்பால் வல்லைவெளியும் உள்ளன.

வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து, அதன் ஆழத்தை வியந்து, இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்த கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவர். நாம் இன்று பார்க்கப் போவது அக்கிணற்றை மாத்திரமன்று. இவ்வூர் வீதிகளில் இருபத்தைந்து, முப்பது வருடமாக உழைத்துக் களைத்தும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வான்களையுமாகும். கிணற்றுக்கும் வானுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். நெருங்கிய தொடர்பு உண்டு. புத்தூரில் ஒரு வானுக்கு வரும் நோய்களிற் பாதி அக்கிணற்று நீரோடு பிறந்தவையே.

தோட்டக்காரர் ஊரில் வான் என்பது ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் மருதனார்மடத்துக்கோ திருநெல்வேலிக்கோ மரக்கறி மூடைகளை ஏற்றிச் சென்ற வண்டியே, இருக்கைகளைத் திரும்பப் பூட்டிக்கொண்டு ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும். கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டுபோகும். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகும். நயினை அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவான் துறைவரை செல்லும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவர நானூறு கிலோமீற்றர் இரவோடிரவாக ஓடிக் கட்டுநாயக்காவில் நிற்பதும் அதுவே. இவ்வளவும் செய்யும் வண்டிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டின் அடுப்பு மட்டுமன்று, ஊரின் அலுவல்கள் பலவும் தடுமாறும்.

பழைய வண்டியைக் கைவிடாமல் வைத்தோட்டும் வழக்கம் இக்குடாநாட்டுக்குப் புதியதன்று. முதியோர் தட்டிவானை நினைவிற் கொண்டிருப்பர். பழைய ஆங்கில, அமெரிக்க வண்டிகளின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாற் கூடு கட்டி, பக்கங்களைத் திறந்தபடி விட்டு, பின்புறத்திற் பலகைத் தட்டியொன்றைச் சங்கிலியில் தொங்கவிட்ட வாகனம் அது. தட்டியின்மேற் கடகமும் சாக்கும் வாழைக்குலையும் இருக்கும். உள்ளே வாங்குகளில் மனிதர் இருப்பர். 1958 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பஸ் போக்குவரத்து முழுவதும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்குச் சென்ற பின்னரும், சந்தைக்குப் போகிறவருக்குத் தட்டிவானை விட்டால் வேறு கதியில்லை. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அது நெடுங்காலம் ஓடியது. மரம் உளுத்தால் தச்சன் மாற்றுவான், இரும்பு உடைந்தால் கொல்லன் ஒட்டுவான். வண்டி என்பது ஊர்க் கைவினைஞர் எல்லோருக்கும் பொதுச் சொத்துப் போல இருந்தது.

அதனினும் கடுமையான பள்ளிக்கூடம் பின்னர் வந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அப்பொழுது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இது ஏதோ மந்திரமன்று. அக்கார்களின் எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்குவது. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் ஒருவாறு தாங்கிக்கொண்டது. பிற்காலத்து எஞ்சின்கள் அதிகமாக நெருக்குபவை. மண்ணெண்ணெய் விட்டால் தட்டி முறியும். ஆனால், மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரிற் சொட்டவிட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆகையால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். அந்த எண்ணெயும் கிடைத்தற்கரிது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒருமிக்க இடம்பெயர்ந்தபோது, எவ்வகையாலேனும் உருளக்கூடிய வண்டி ஒவ்வொன்றும் முதியோரையும் நோயாளரையும் காத்த வண்டியாயிற்று. இன்று நரைத்த தலையோடு கராச்சுகளில் நிற்கும் மெக்கானிக்குகள் பலர் தொழில் பழகியது அக்காலத்திலேதான். பாகம் இல்லையென்றால் பாகத்தைச் செய். செய்ய முடியாதென்றால் அது இல்லாமல் ஓடச் செய். இதுவே அவர்கள் கற்ற பாடம். அப்பாடத்தின் நன்மையையும் தீமையையும் சற்று நேரத்திற் காண்போம்.

இன்று புத்தூரிற் காணும் பழைய வான் பெரும்பாலும் சப்பான் நாட்டினது. அதிலும் டொயோட்டா ஹயஸ் என்பதே முதன்மையானது. 1967 இல் தோன்றிய அவ்வினத்தில், 1989 இல் வெளிவந்த வடிவத்தை நம் நாட்டில் 'டொல்பின்' என்று செல்லமாக அழைப்பர். உருண்ட மூக்கைப் பார்த்தால் பெயர் பொருந்தும். 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோதும், 2006 இல் மூடப்பட்ட அவ்வீதி போர் முடிந்தபின் மீளத் திறந்தபோதும் இவ்வான்கள் தெற்கிலிருந்து வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடையிலே சென்ற ஐந்தாண்டுகளில் புதிய வான் வாங்க நினைத்தவரும் பழையதையே கட்டிக் காக்கவேண்டியதாயிற்று. தடை நீங்கிய பின்னரும் வரியோடு சேர்ந்த புதிய வண்டியின் விலை தோட்டக்காரரின் கைக்கு எட்டுவதாயில்லை.

இனி நோய்களைப் பார்ப்போம்.

புத்தூரின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் செம்மண்ணிற் சுவறி, கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறும். குடிப்பதற்கு அந்நீர் இனிது; கேத்தலுக்குத்தான் கெடுதி. எந்த வீட்டுக் கேத்தலையும் திறந்து பாருங்கள். உள்ளே வெண்மையான ஓடு படிந்திருக்கும். நீர் சூடேறும்போது அதிற் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகி ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். வானின் றேடியேற்றரும் ஒரு கேத்தல்தானே! நாள்முழுதும் எண்பது, தொண்ணூறு பாகையில் அது நீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளேயுள்ள குழாய்களோ தென்னோலை ஈர்க்கிலும் சற்றே அகன்றவை. கிணற்று நீரை ஓராண்டு தொடர்ந்து விட்டால் அக்குழாய்களின் உட்சுவரில் ஓடு படியத் தொடங்கும். சில ஆண்டுகளிற் கீழ்வரிசைக் குழாய்கள் அடைத்தேவிடும். அப்புறம் வான் ஊருக்குள் ஓடும்வரை நோய் வெளித்தெரியாது. ஆட்களை நிறைத்துக்கொண்டு வெயிலிற் கிளிநொச்சிப் பக்கம் போகும்போதுதான் ஊசி சிவப்பைத் தொடும்.

சுண்ணாம்பு மாத்திரமன்று, உப்பும் உண்டு. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்திற் செல்லச் செல்ல உவர்நீர். இது அக்கிணற்றுக்கு மட்டும் உரிய விந்தையன்று. குடாநாட்டின் அடியிலே கடல்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் கனம் குறைவாதலால் அது மேலே நிற்கின்றது. கோடையில் தோட்டங்களுக்கு அதிகமாக இறைத்தால் வில்லை மெலியும். கீழேயுள்ள உவர் மேலேறும். அந்நாட்களில் இறைத்த நீரை வானுக்கு விட்டால், சுண்ணாம்பு அடைக்க, உப்பு அரிக்கும். தண்ணீர்ப் பம்பின் இதழ்கள் கறையான் தின்ற ஏடுபோலாகிவிடுவதை மெக்கானிக்குகள் கழற்றிக் காட்டுவர்.

இதற்கு மருந்து எளிது. குளிரூட்டி நீர் எனப் புட்டியில் விற்கும் பச்சை, சிவப்புத் திரவத்தைத் தூயநீரோடு சேர்த்து விடவேண்டும். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். அதற்கு வசதியில்லாதவர், ஐப்பசி, கார்த்திகை மழையிற் கூரையிலிருந்து வழியும் நீரைச் சுத்தமான பீப்பாவிற் பிடித்து வைத்துக்கொண்டாலும் சுண்ணாம்புப் படிவத்திலிருந்து தப்பலாம். எனினும் துருத் தடுக்கும் மருந்தைச் சிறிதாவது கலக்கவேண்டும். மழைநீரிற் சுண்ணாம்பு இல்லை. வானத்திலிருந்து இலவசமாக வருவதை விட்டுவிட்டு, மின்சாரம் செலவழித்துச் சுண்ணாம்பை இறைத்து எஞ்சினுக்குள் ஊற்றுகிறோம்!

போர்க்காலப் பாடத்தின் தீமையை இங்கேதான் காண்கிறோம். வான் சூடேறினால் முதலிற் கழற்றி எறியப்படுவது தெர்மோஸ்ரற் என்னும் சிறு கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியிருந்து, ஏறத்தாழ 82 பாகைச் சூட்டில் திறந்து, நீரை றேடியேற்றருக்குச் செல்லவிடும் காவலாளி அது. "சூடான நாட்டுக்கு உது ஏன்?" என்று அதனை நீக்கிவிடுவது நம்மவர் வழக்கம். நீக்கியபின் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரம் பிடிக்கிறது, டீசல் வீணாகிறது, உட்பாகங்கள் விரைவில் தேய்கின்றன. நோயோ அடைத்த றேடியேற்றரில் அப்படியே இருக்கின்றது. பாகமில்லாத நாளில் அது அறிவு. பாகம் கடையில் தொங்கும் நாளில் அது அறிவன்று.

இன்னொரு சின்னப் பொருள் றேடியேற்றர் மூடி. அதன் உள்ளே ஒரு சுருள்வில் உண்டு. மூடி இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் நூறு பாகையிற் கொதியாமல் நூற்றுப்பதினைந்துக்கும் மேலே சென்றே கொதிக்கும். வில் சோர்ந்த மூடி அழுத்தத்தைத் தாங்காது நீரை வெளியே தள்ளிவிடும். ஓட்டுநர் மறுநாட் காலையிற் குறைந்ததை நிரப்புவார், கிணற்று நீரால்தான்!

ஹயஸ் வானில் எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழே மறைந்திருக்கிறது. காரென்றால் முன்மூடியைத் தூக்கியதும் கசிவு கண்ணிற் படும். வானில் இருக்கையைக் கழற்றித் தூக்கவேண்டும். ஆதலால் யாரும் பார்ப்பதில்லை. சோம்பலுக்கு இப்படி ஒரு வசதியை வேறெந்த வாகனத்திலும் யாம் கண்டதில்லை.

செலவைப் பற்றிக் கூறுவோம். ரூபாயிற் கணக்கெழுதினால் இப்பத்திரிகை பழசாகுமுன் கணக்குப் பழசாகிவிடும். ஆகவே வான்காரர் மொழியிலேயே, 'ஹயர்' என்னும் அளவையாற் கூறுதல் நன்று. மூடியும் தெர்மோஸ்ரற்றும் றப்பர்க் குழாய்களும் மாற்றுவது பட்டினத்துக்குப் போய்வரும் ஓரிரண்டு ஹயரின் வருமானத்தில் அடங்கும். றேடியேற்றரைக் கழற்றித் தலைத்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி செலுத்திச் சுத்தஞ்செய்து மீளப் பற்றவைப்பது ஒரு கிழமை உழைப்பு. அதனையும் செய்யாமல் விட்டு, சூட்டினால் எஞ்சின் தலை வளைந்து காஸ்கற் வெடித்தால், லேத் பட்டறைக்குத் தலையைக் கொண்டுபோய் மட்டஞ்செய்யவேண்டும். அது ஒரு மாதத்து உழைப்பு. தலையே வெடித்துவிட்டாலோ ஒரு பள்ளித் தவணை முழுதும் ஓடி உழைத்தது போய்விடும். ஓரிரண்டு ஹயரில் முடியவேண்டியது ஒரு தவணையாக வளர்வதற்குச் சாதாரணமாகச் சில கிழமைகளே போதும்.

ஒரு கராச்சிற் கேட்ட பேச்சு இது. வானுக்கு உரியவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர்.

"எத்தினை நாளாத் தண்ணி குடிக்குது, தம்பி?"

"ஒரு மாசமா, அண்ணை. முதல் கிழமைக்கொருக்கா விட்டனான். இப்ப ஒவ்வொரு நாளும் வேணும்."

மெக்கானிக் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தார். நுனியில் எண்ணெய் பால்தேநீர் நிறமாயிருந்தது. எண்ணெயோடு நீர் கலந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். பிறகு றேடியேற்றரின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை இயக்கினார். நீரிற் குமிழிகள் இடைவிடாது எழும்பின. எரிந்த வாயு நீர்வழியிற் புகுந்துவிட்டது.

"நீர் மூண்டு கிழமை பிந்தி வந்திருக்கிறீர்," என்றார் அவர், கோபமின்றி.

"பள்ளிக்கூட ஓட்டத்தை நிப்பாட்டேலாமல் போச்சு, அண்ணை."

அம்மனிதருடைய நிலையைப் பழிப்பது எளிது, விளங்கிக்கொள்வதே முறை. வான் கராச்சில் நிற்கும் நாட்களுக்கு எந்த மெக்கானிக்கும் கூலி கேட்பதில்லை. ஆனால், செலவிற் பெரியது அதுதான். பதினான்கு பிள்ளைகளை ஏற்றுகிறவர் இரண்டு கிழமை நின்றால் பெற்றோர் வேறு வான் பார்ப்பர். பார்த்தவர் திரும்பி வருவார் என்ற நிச்சயமில்லை. ஆதலினாலேயே அவர் நாளொன்றுக்கு இரண்டு போத்தல் நீரை ஊற்றி மூன்று கிழமை காலந்தள்ளினார். தவணை விடுமுறையில் வண்டியை நிறுத்திச் செய்யவேண்டியதைச் செய்வோம் என்று எண்ணியிருந்தார். விடுமுறை வருமுன் காஸ்கற் போய்விட்டது.

அவர்முன் மூன்று வழிகள் இருந்தன. எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்ரனும் வளையங்களும் பெயாரிங்குகளும் புதிதிட்டுக் கட்டுவது முதலாவது. செலவு பெரிது, நாளும் பிடிக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கின்றது என்பது தெரியும். கொழும்பிற் பஞ்சிகாவத்தையிலிருந்து, சப்பானிற் கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினொன்றை வாங்கி இரண்டு நாளிற் பூட்டிவிடுவது இன்னொன்று. அது விரைவானது, ஆயினும் அந்த எஞ்சின் முற்பிறப்பில் என்ன பாடுபட்டது என்பதை விற்பவனும் அறியான். இனி விற்றுத் தலைமுழுகலாமென்றாலோ, காஸ்கற் போன வானுக்கு வாங்குபவர் கூறும் விலையைக் கேட்டால் விற்க மனம் வராது. மெக்கானிக் நான்காவதொன்றைக் கூறினார்: தலையை மட்டும் கழற்றி, மட்டஞ்செய்து, வெடிப்பில்லையென்று உறுதி செய்து, புதிய காஸ்கற் இட்டுப் பூட்டுவது, அதோடு றேடியேற்றரையும் சுத்தஞ்செய்வது, கீழ்ப்பகுதியைத் தவணை விடுமுறைக்கு விடுவது. "றேடியேற்றரைச் செய்யாமல் ஹெட்டை மட்டும் செய்யச் சொன்னால் நான் செய்யன்" என்று அவர் கண்டிப்பாகக் கூறியது எமக்குப் பிடித்திருந்தது. நோய்க்குக் காரணத்தை விட்டுவிட்டு நோயை மட்டும் பார்க்கிற வைத்தியரிடம் இரண்டாமுறையும் போகவேண்டிவரும். அவ்வான்காரர் அதற்கு இணங்கினார். பிள்ளைகளை ஏற்ற ஐந்து நாளுக்கு இன்னொருவரின் வானைப் பேசிக்கொண்டார்.

சூட்டுக்கு அடுத்தபடியாகப் பழைய டீசல் வானைக் கொல்வது ரைமிங் பெல்ற். 'டொல்பின்' வான்களில் வழக்கமாக உள்ள எஞ்சின்களில், மேலேயுள்ள வால்வுகளையும் கீழேயுள்ள பிஸ்ரன்களையும் ஒரே தாளத்தில் இயக்குவது பல்லுள்ள ஒரு றப்பர்ப் பட்டி. இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டும் என்பது விதி. நேரம் வந்ததும் ஓட்டுநரின் முன்னே ஒரு சிறு விளக்கெரியும். பட்டி அறுந்தாற் பிஸ்ரன் மேலெழுந்து வால்வைத் தாக்கும். கணப்பொழுதில் எஞ்சின் நின்றுவிடும். ஆனால், முப்பது வருட வானில் அந்த விளக்கு எரியுமா, மைல்மானி காட்டும் எண் உண்மையா என்பதே கேள்வி. கைமாறியபோதெல்லாம் பின்னே திருகப்பட்ட மானிகள் எத்தனையோ! ஆகையால் பழைய வான் வாங்குபவர், மானியைப் பாராது, வாங்கிய கிழமையே பட்டியை மாற்றிவிட்டு அன்றைய திகதியை எழுதி வைப்பதே உத்தமம்.

புகையைப் பார்த்து நோயறியும் கலையை மாணவர்களும் கற்றுக்கொள்ளலாம். கரும்புகையென்றால் டீசல் முற்றாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது இன்ஜெக்ரரின் நுனி தேய்ந்திருக்கும். செம்மண் தோட்டங்களூடே கோடையில் ஓடும் வானின் வடிகட்டியைக் கழற்றித் தட்டினாற் கைநிறைய மண் கொட்டும். இதற்குச் செலவு மிகச் சிறிது. நீலப் புகையென்றால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. வளையங்கள் தேய்ந்துவிட்டன, இதற்குச் செலவு பெரிது. சூடேறிய பின்னும் வெண்புகை விடாமலெழுந்தால் நீர் உள்ளே போகின்றதென்று ஐயுறவேண்டும். 2008 ஆம் ஆண்டு தொட்டு வருடாந்த வரிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்று தேவையாயிருத்தலின், இந்நோய் மாத்திரம் வருடத்துக்கொருமுறையாவது வெளிப்பட்டுவிடும்.

ஒன்றோடொன்று பிணைந்து கெடும் பாகங்களும் உள. டீசல் வானில் பிறேக்குக்கு வலுவூட்டும் காற்றுறிஞ்சும் பம்ப், மின்பிறப்பிக்கும் அல்ரனேற்றரின் பின்புறத்திற் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு எண்ணெய் போகின்றது. சின்னஞ்சிறு றப்பர் வளையமொன்று தேய்ந்தால் எண்ணெய் அல்ரனேற்றருக்குள் வழியும். முதலிற் பற்றறி இறங்கும். ஓட்டுநர் புதிய பற்றறி வாங்குவார். பின்னர் பிறேக் மிதி கடினமாகும்; பிறேக் சூ மாற்றுவார். இரண்டும் வீண் செலவு. குற்றவாளி அந்த வளையம். நல்ல மெக்கானிக் என்பவர் விரைவாகக் கழற்றுபவரல்லர். கழற்றுமுன் நெடுநேரம் யோசிப்பவர்.

கிழக்கு வீதிக்கு வருவோம். வாதரவத்தையைத் தாண்டியதும் தோட்டங்கள் ஒழிந்து வெளி விரியும். மாரியிற் கடனீரேரி பெருகி வீதியோரத்தைத் தொடும். நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். மாலை வெயிலில் அக்காட்சியைப் பார்க்க விரும்புவோர் ஒருமுறை மீசாலைவரை சென்றுவருக. கண்ணுக்கு விருந்தாகிய அந்த வீதியே வானின் அடித்தகட்டுக்குப் பகை. தேங்கிய உவர்நீரை வாரியடித்துக்கொண்டு செல்லும் சக்கரங்கள் உப்பைத் தகட்டின் மடிப்புகளிற் பூசுகின்றன. வழுக்குக் கதவு ஓடும் கீழ்த்தண்டவாளம், முன்சக்கரத்தின் மேல்வளைவு, ஏறும் படி ஆகியவை முதலில் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிப்பது தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். அதன்மேற் பசை பூசிப் பெயின்ற் அடித்து அழகு செய்வோர் உளர். அடுத்த மாரியில் அது சோற்றுப்பருக்கை போல உதிரும். அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டுவதே வேலை. சக்கரத்தின் டிறம்முக்குள் உவர்நீர் புகுந்தாற் பிறேக் சிலிண்டரும் இறுகும். வெளியிலிருந்து வந்ததும் அடிப்புறத்தை நன்னீராற் கழுவிவிட்டால் இதிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

இந்த உப்பு நோய் நம்மூருக்கு மட்டும் உரியதென எண்ணற்க. ரொறன்ரோவில் வாழும் நம்மவர் வீட்டிலும் இதே புலம்பலைக் கேட்கலாம். அங்கே பனிக்காலத்தில் வீதியிற் பனிக்கட்டி உருகுவதற்காக உப்பைத் தூவுவர். 1961 தொட்டு அமெரிக்காவிற் பேர்பெற்ற போர்ட் நிறுவனத்துப் பெரிய வான்களும் எஞ்சின் நன்றாயிருக்க, அடித்தகடு அரித்தே கழிவிடம் சேர்கின்றன. ஒரு வித்தியாசம்: அங்கே மெக்கானிக்கின் மணிக்கூலி மிகவுயர்ந்தது. ஆதலாற் பழைய வானைத் திருத்துவதைவிட எறிவது மலிவு. இங்கே கைக்கூலி குறைவு, பாகத்தின் விலையே உயர்வு. ஆகையால் அங்கே பாகத்தை மாற்றுகிறார்கள். இங்கே பாகத்தையும் பழுதுபார்க்கிறார்கள்.

பாகத்தின் விலை 2022 ஆம் ஆண்டில் எங்ஙனம் ஏறியதென்பதை வான்காரர் மறக்கமாட்டார். அவ்வாண்டு மார்ச்சில் ஏறத்தாழ இருநூறு ரூபாயாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாயிருந்த டீசல், யூன் இறுதியில் 460 ரூபாயாயிற்று; அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெய்க் காலத்தைக் கண்டவர்கள் அவ்வரிசையில் இளையோருக்குப் பழைய கதைகளைச் சொன்னார்களாம். அதன்பின் யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடைகளில் ஒரே பாகத்துக்கு மூன்று விலை கேட்கலாம்: சப்பான் அசல், வேறுநாட்டுப் படி, கழற்றியெடுத்த பழையது. பிறேக், ஸ்ரியறிங் போன்ற உயிர்காக்கும் பாகங்களில் மலிவுப் படியை வாங்குவதை நாம் ஒருபோதும் ஒப்போம். கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் பழையது தாராளமாகப் போதும்.

பக்கத்தூராகிய சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் கண்டு, கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றித் தந்த பெரியார். இரண்டு கழிந்த எஞ்சின்களைப் பக்கத்திற் பக்கம் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு நல்ல எஞ்சினைத் தேடும் மெக்கானிக்கைப் பார்த்தபோது, காரணமின்றி அப்பெரியாரின் நினைவு எமக்கு வந்தது.

பழுதுபார்க்கும் இடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வானொன்றிலிருந்து எண்ணெய் மாற்றும்போது ஐந்தாறு லீற்றர்க் கழிவெண்ணெய் வடியும். அதனை வேலியோரத்தில் ஊற்றுவது முன்னாள் வழக்கம். கறையானுக்கு மருந்தென்று வேலிக்கட்டைகளுக்குப் பூசுவதும் உண்டு. இந்நிலத்தில் அது எங்கே போகும்? மழைநீர் போகும் வழியேதான் போகும். வெடித்த சுண்ணாம்புக்கல் வடிகட்டியன்று. நேரே கிணற்றுக்கு வழிவிடும். புத்தூர் வீதியின் மறுமுனையிலுள்ள சுன்னாகத்தில், 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்ததும், மக்கள் பவுசர் நீருக்குக் காத்திருந்ததும், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் மக்களுக்கு நட்டஈடு வழங்கவேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பத்திரிகைகளிற் படித்தவையே. மின்நிலையத்தின் கழிவுக்குக் கராச்சின் கழிவு ஈடாகாது. ஆயினும் கல் இரண்டையும் வேறுபடுத்திப் பாராது. நாம் பார்த்த கராச்சிற் கழிவெண்ணெய்க்கென மூடியோடு கூடிய பீப்பா ஒன்று நிற்கிறது. நிறைந்ததும் வாங்கிச்செல்ல ஆள் வருகிறார். சிறிது பணமும் கிடைக்கிறது.

அதற்குப் பக்கத்திலே இன்னொரு பீப்பா, மழைநீருக்கு. கூரைத் தகரத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி அதில் முடிகின்றது. மாரியில் நிறைந்த நீரைச் சித்திரைவரை வைத்திருந்து, வருகின்ற வான்களின் றேடியேற்றர்களுக்கு விடுகிறார்கள். கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் ஓட்டுநரை மெக்கானிக் கையமர்த்தி நிறுத்திவிடுகிறார். அங்கே காத்திருப்போர் இருப்பதற்கு இரண்டு நீண்ட இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன. கீழே துருவேறி ஓட்டமுடியாமற்போன பழைய 'டொல்பின்' ஒன்றின் பின்னிருக்கைகள் அவை. அந்த வானின் எஞ்சின் இப்பொழுது ஆவரங்காலில் வேறொரு வானில் ஓடுகிறதாம். வழுக்குக் கதவு அச்சுவேலியில் ஒரு வானிலும், கண்ணாடிகள் நீர்வேலியில் ஒன்றிலும் இருக்கின்றனவாம். றேடியேற்றரை மாத்திரம் யாரும் கேட்கவில்லை; அது சுண்ணாம்பு நிறைந்த கனத்தோடு கராச்சின் மூலையிற் கிடக்கிறது.